கீசரை மாற்றும்போது: மீண்டும் மின்சாரக் கீசரா, ஹீட் பம்ப்பா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் போன்ற பகுதிகளில் கூரைக்குள் இருக்கும் பழைய கீசர் வெடித்து ஒழுகினால், பெரும்பாலோர் அதே 150 லிட்டர் மின்சாரக் கீசரையே மீண்டும் பொருத்துகிறார்கள். வீட்டுக் காப்பீடும் பொதுவாகப் பழையதற்கு ஈடானதற்கே பணம் தருகிறது. விலை குறைவு, தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் எளிதில் கிடைக்கும்.

ஹீட் பம்ப்போ, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுப்பதால், 3 கிலோவாட் எலிமென்ட் தரும் சூட்டை ஏறக்குறைய 1 கிலோவாட் மின்சாரத்திலேயே தந்துவிடும். உறைபனி விழும் ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் இத்திறன் குறையும் என்றாலும், டர்பனின் வெதுவெதுப்பான, ஈரமான காற்று அதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் கடலோர உப்புக்காற்று, வெளியே நிற்கும் பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். கம்ப்ரஸர் பழுதானால் பிளம்பர் மட்டும் போதாது, குளிர்பதன வேலை தெரிந்தவரும் வேண்டும்.

ஐந்தாறு பேர் குளிக்கும் வீட்டுக்கு ஹீட் பம்ப்பையே பரிந்துரைப்பேன். இருவர் மட்டும் வாழும் வீட்டில், மிச்சமாகும் கட்டணம் அதன் விலையை ஈடுகட்ட நெடுங்காலமாகும்.

எதை வாங்கினாலும், எஃகுத் தொட்டி துருப்பிடிக்காமல் காக்க, அதற்குள் இருந்து தானே அரிபட்டுக் கரையும் மக்னீசியத் தண்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதித்து மாற்றச் சொல்லுங்கள். விற்பவர்கள் இதை அரிதாகவே நினைவூட்டுகிறார்கள்.