செவ்வாய்ப்பேட்டை கல்லு கடை, கைவேலை நகை பண்றவங்களுக்கு
சேலம் செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிப் பட்டறைங்களுக்கு நடுவுல சின்ன கடை, வீட்லயே கம்மல் மாலை கோக்குறவங்க கண்டிப்பா போங்க. பாலிஷ் பண்ண கல்லுல ஓட்டை நீட்டா போட்டிருக்காங்க, ஓரம் கூரா இல்ல அதனால நூலு அறுபடாது, நான் மொதல்ல பாக்குறதே இதத்தான். காங்கேயம் மூன்ஸ்டோன் எடுத்தேன், லைட்டுக்கு கீழ திருப்புனா வெளிச்சம் கல்லுக்குள்ளயே நகருது, அவ்ளோ அழகு!! ஆனா அது மோஸ் ஸ்கேல்ல (கல்லு கீறல் விழாம எவ்ளோ தாங்கும்னு காட்டுற அளவு) 6, 6.5 தான், அமெதிஸ்ட்ங்குற ஊதா கல்லு 7, அதனால "மோதிரத்துக்கு வேணாம்மா, சீக்கிரம் கீறல் விழும், தோடா பண்ணிக்கோங்க"ன்னு கடைக்கார அண்ணனே சொன்னாரு, வித்தா போதும்னு நெனைக்கல பாருங்க, அது பிடிச்சிருந்துச்சு. 92.5 வெள்ளி கம்பியும் அங்கயே கெடைக்கும். பளிச்சுனு இருக்குற கலர் அகேட் கல்லு மட்டும் சாயம் ஏத்துனது, கேட்டா மறைக்காம சொல்றாங்க, ஆனா டப்பா மேலயே எழுதி வச்சா நல்லாருக்கும். பார்க்கிங் கெடையாது, பஸ்ல போயிருங்க.