ஆவணப் பணிக்கு அளக்கத்தக்க இலக்கு: ஸ்மார்ட், ஓ.கே.ஆர்., ஜி.க்யூ.எம். மூன்றில் எது எங்கே பொருந்தும்?

ஆவணங்களைச் சீர்செய்ய வேண்டும் என்பதில் எந்தக் குழுவிலும் கருத்து வேறுபாடு எழுவதில்லை. சீரானதா என்று மூன்று மாதம் கழித்து எப்படித் தெரிந்துகொள்வது எனக் கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒருவர் எழுதப்பட்ட பக்கங்களை எண்ணுகிறார். இன்னொருவர் கடைசியாகத் திருத்திய தேதியைக் காட்டுகிறார். மூன்றாமவர் தம்மிடம் வரும் கேள்விகள் குறையவே இல்லை என்கிறார். மூவரும் அளப்பது வெவ்வேறு பொருளை என்பதால், மூவர் சொல்வதும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கக்கூடும். அளக்கத்தக்க இலக்கு வகுக்கப் பரவலாகக் கையாளப்படும் ஸ்மார்ட், ஓ.கே.ஆர். (நோக்கமும் முக்கிய விளைவுகளும்), ஜி.க்யூ.எம். (இலக்கு, கேள்வி, அளவீடு) ஆகிய மூன்று முறைகளையும் ஆவணப் பணிக்குப் பொருத்திப் பார்த்து, எது எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்று இங்கே அலசுகிறேன்.

ஒப்பீட்டுக்கு ஒரே நிலைமையை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் சேவை ஒன்றை நடத்தும் பத்துப் பேர் கொண்ட குழு. அதன் உள் விக்கியில் நூற்றுக்கணக்கான பக்கங்கள். அவற்றுள் புதிய பதிப்பை வெளியிடும் செய்முறையை விளக்கும் பக்கம் ஒன்று. அதன் 4-ஆம் படி, "அமைப்புக் கோப்பில் உள்ள மதிப்புகளைச் சரிபார்க்கவும்" என்று மட்டும் சொல்கிறது. எந்தக் கோப்பு, அது எங்கே இருக்கிறது, எந்த மதிப்பு இருந்தால் சரி என்ற மூன்றும் அங்கே இல்லை. எழுதியவருக்கு அவை மனப்பாடம். அதனால் எழுதத் தோன்றவில்லை. வெளியீட்டு நாளில் அப்பணியை யார் செய்தாலும் இந்தப் படியில் நின்றுவிட்டு, மூத்த பொறியாளருக்குச் செய்தி அனுப்புகிறார். இந்தப் பக்கத்தையும் இதைப் போன்றவற்றையும் சீர்செய்ய மூன்று முறைகளும் மூன்று விதமான இலக்குகளைத் தருகின்றன.

ஸ்மார்ட்: முடிந்ததா, இல்லையா

ஜார்ஜ் டோரன் 1981 நவம்பரில் ஒரு மேலாண்மை இதழில் எழுதிய சிறு கட்டுரையிலிருந்து ஸ்மார்ட் முறை பரவியது. இலக்கு குறிப்பானதாக, அளக்கக்கூடியதாக, ஒருவரிடம் ஒப்படைக்கத்தக்கதாக, நடைமுறைக்கு ஒத்ததாக, காலவரம்பு உடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த ஐந்து நிபந்தனைகள்; அவற்றின் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே ஸ்மார்ட் என்ற பெயர். பின்னாளில் வந்த பல வடிவங்களில் மூன்றாவது நிபந்தனை மறைந்து, எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆவணப் பணியைப் பொறுத்தவரை இது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். பெரும்பாலான உள் ஆவணங்கள் பழையதாகிப் போவதற்குக் காரணம் இலக்கு எட்ட முடியாத உயரத்தில் இருந்தது அல்ல. அந்தப் பக்கத்துக்கு இன்னார் பொறுப்பு என்று யாரும் சொல்லி வைக்கவில்லை என்பதுதான்.

நமது குழு இந்த முறையைக் கையாண்டால், "வெளியீடு தொடர்பான 12 பக்கங்களையும் இன்ன பொறியாளர் காலாண்டு முடிவதற்குள் சரிபார்த்துத் திருத்துவார்" என்பது போன்ற இலக்கு கிடைக்கும். தெளிவில் குறையில்லை, முடிந்ததா இல்லையா என்ற வாதத்துக்கே இடமில்லை. ஆனால் அந்தப் பொறியாளர் 12 பக்கங்களையும் திறந்து, எழுத்துப்பிழைகளைத் திருத்தி, தலைப்புகளைச் சீராக்கி, 4-ஆம் படியை அப்படியே விட்டுவிட்டாலும் இலக்கு நிறைவேறியதாகவே பதிவாகும். எழுதுபவர் செய்ய வேண்டியதை ஸ்மார்ட் நன்றாக வரையறுக்கிறது. படிப்பவருக்கு என்ன மாற வேண்டும் என்று அது தானாகக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம்தான் கொண்டுபோய் அதனுள் வைக்க வேண்டும்.

தரச் சான்றிதழின் கீழ் இயங்கும் குழுக்களுக்கு இந்த வடிவம் வேறொரு வகையிலும் கைகொடுக்கும். ஐ.எஸ்.ஓ. 9001:2015 தர நிர்ணயத்தின் 6.2 பிரிவு, தர இலக்குகளை அடையத் திட்டமிடும்போது என்ன செய்யப்படும், என்ன வளங்கள் தேவை, யார் பொறுப்பு, எப்போது முடியும், விளைவு எப்படி மதிப்பிடப்படும் ஆகிய ஐந்தையும் தீர்மானிக்கச் சொல்கிறது. டோரன் வகுத்த வடிவத்தில் எழுதிய இலக்கு இதற்கு ஏறக்குறைய அப்படியே பொருந்திவிடும்.

ஓ.கே.ஆர்.: திசையும் எண்ணும்

1970-களில் இன்டெல் நிறுவனத்தில் ஆண்ட்ரூ குரோவ் வளர்த்தெடுத்த இந்த முறையை, 1999-இல் முதலீட்டாளர் ஜான் டோர் கூகுளுக்கு அறிமுகப்படுத்தினார். எண் இல்லாத ஒரு நோக்கம். அதை அடைந்ததைக் காட்டும் எண்ணுடைய சில முக்கிய விளைவுகள். இவ்வளவே அதன் கட்டமைப்பு. நமது குழுவின் நோக்கம், "குழுவில் யாராக இருந்தாலும் மூத்தவரைக் கேட்காமல் வெளியீட்டை முடிக்க வேண்டும்" என்பதாக இருக்கலாம். பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெளியீட்டை முடிப்பவர்கள் ஐவரில் ஒருவராக இருப்பதை நால்வராக்குவது, வெளியீட்டு நாளில் எழும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைப் பாதியாகக் குறைப்பது ஆகியன முக்கிய விளைவுகளாகலாம். எண் எதற்காக என்பது அதே தாளில் எழுதப்பட்டிருப்பதால், ஸ்மார்ட் இலக்கில் நேர்ந்ததுபோல 4-ஆம் படியை விட்டுவிட்டுத் தப்ப இங்கே வழியில்லை.

இதன் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கூகுள் பாணியில் முக்கிய விளைவுகளுக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் இடுவார்கள். எட்டாத உயரத்தில் வைக்கும் இலக்குக்கு 0.6 அல்லது 0.7 வந்தால் அது நல்ல பலன் என்று கொள்ளப்படும். அறிமுகக் கட்டுரைகளுக்கும் விளக்கப் பக்கங்களுக்கும் இந்த மனப்பான்மை தீங்கு செய்யாது. சேவை நின்றுபோன நேரத்தில் மீட்பதற்கான செய்முறைக்கு இது அறவே ஒத்துவராது. பத்துப் படிகளில் ஏழு சரியாக உள்ள மீட்புச் செய்முறையால் சேவை எழுந்து நிற்காது. எட்டாவது படியில் வழி தவறியவர் நிலைமையை மேலும் கெடுக்கவும் கூடும். கட்டாயம் நிறைவேற்ற வேண்டியவை, உயர்ந்த விருப்பமாக வைப்பவை என்ற பிரிவு கூகுளின் வழிகாட்டுதலிலேயே உண்டு. முதல் வகைக்கு 1.0 தான் எதிர்பார்ப்பு. இந்தப் பிரிவை மறந்துவிட்டு எல்லா ஆவணங்களையும் ஒரே அட்டவணையில் அடுக்கும் குழு, எங்கே சமரசம் கூடாதோ அங்கேயே சமரசம் செய்துகொள்ளும்.

ஜி.க்யூ.எம்.: முதலில் கேள்வி

மூன்றிலும் குறைவாக அறியப்பட்டது இதுதான். ஆவணப் பணிக்கு மிகவும் பொருந்துவதும் இதுதான் என்பது என் முடிவு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் விக்டர் பாசிலி, டேவிட் வைஸுடன் சேர்ந்து 1984-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையோடு தொடர்புடைய முறை இது. நாசாவின் காடர்டு மையத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியியல் ஆய்வகச் சூழலில் வளர்ந்தது. முதலில் இலக்கு, அதிலிருந்து கேள்விகள், ஒவ்வொரு கேள்விக்கும் விடை தரும் அளவீடு என்பது இதன் வரிசை. இலக்கை எழுதும்போதே எந்தப் பொருளை, என்ன நோக்கத்துக்காக, எந்தத் தன்மையைக் கருதி, யாருடைய பார்வையில் அளக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். யாருடைய பார்வை என்ற அந்த ஒரு வினா மற்ற இரண்டு முறைகளிலும் கட்டாயமாக இடம்பெறுவதில்லை. எழுதியவரின் பார்வையில் நிறைவாகத் தெரியும் பக்கம் படிப்பவரின் பார்வையில் பாதிப் பக்கமாக இருப்பதுதானே ஆவணங்களின் அடிப்படைக் கோளாறு?

நமது குழு, "முதன்முறையாக வெளியீடு செய்பவரின் பார்வையில், வெளியீட்டுப் பக்கம் பின்பற்றத்தக்கதாக இருக்க வேண்டும்" என்று எழுதிக்கொண்டால் கேள்விகள் தாமே வரிசையில் வந்து நிற்கும். தேடியவுடன் பக்கம் கிடைக்கிறதா? படிகள் இன்றைய அமைப்போடு ஒத்திருக்கின்றனவா? எந்தப் படியில் ஆட்கள் நிற்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு விடை தேடப் போனால் 4-ஆம் படி முதல் நாளிலேயே கண்ணில் பட்டுவிடும். குறையென்றால், காலவரம்பும் பொறுப்பாளரும் இந்த முறையில் தாமாக வந்து சேர்வதில்லை; ஆர்வமுள்ள குழு கேள்விகளைப் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் முப்பது அளவீடுகளோடு எதையும் முடிக்காமல் நிற்கவும் கூடும்.

எதை எண்ணுவது

எந்த முறையைத் தேர்ந்தாலும் உள்ளே வைக்கும் அளவீடு தவறாக இருந்தால் முறையால் காப்பாற்ற முடியாது. ஓர் அளவீடே இலக்காக மாறும்போது அது நல்ல அளவீடாக இருப்பது நின்றுபோகிறது என்ற கருத்து, பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் நாணயக் கொள்கை பற்றிச் சொன்னதிலிருந்து கிளைத்தது. பக்கங்களின் எண்ணிக்கையை இலக்காக வைத்தால் ஒரு பக்கம் மூன்றாகப் பிளக்கும். கடைசித் திருத்தத் தேதியை வைத்தால் பக்கங்கள் திறக்கப்பட்டு, ஒரு காற்புள்ளி சேர்க்கப்பட்டு, சேமிக்கப்படும். பார்வை எண்ணிக்கையின் நிலை இன்னும் மோசம்: 4-ஆம் படியில் குழம்பி ஒரே பக்கத்தை ஐந்து முறை திறந்தவரும் ஐந்து பார்வைகளைத்தான் தருகிறார்.

வாடிக்கையாளர் ஆதரவுத் துறையில் கே.சி.எஸ். என்று அழைக்கப்படும் அறிவுசார் சேவை முறை இதில் கறாராக இருக்கிறது. எத்தனை கட்டுரைகள் எழுதப்பட்டன, எத்தனை திருத்தப்பட்டன போன்ற செயல் எண்ணிக்கைகளைக் கவனித்து வரலாம். அவற்றை இலக்காக்கினால் அறிவுத்தளமே கெடும் என்பது அதன் கொள்கை. இலக்கு விளைவின் மீதுதான் இருக்க வேண்டும். இதோடு எனக்கு முழு உடன்பாடு. ஒரே ஒரு விலக்கு மட்டும் தேவை என்று நினைக்கிறேன். பயனரைப் பாதிக்கும் மாற்றங்களில் எத்தனைக்கு, அந்த மாற்றம் ஒப்புதல் பெறும்போதே ஆவணத் திருத்தமும் இணைந்து வந்தது என்பதும் செயல் எண்ணிக்கைதான். ஆனாலும் அதை இலக்காக்கலாம். அமைப்பு மாறிய நாளுக்கும் ஆவணம் மாறிய நாளுக்கும் இடையில்தான் ஆவணம் பொய்யாகிறது. அந்த இடைவெளியை நேரடியாகக் குறைக்கும் அளவீடு வேறொன்று எளிதில் அகப்படுவதில்லை.

விளைவை அளக்க நான் முதலிடம் தருவது செய்து பார்க்கும் சோதனைக்கு. அந்தப் பணியை இதுவரை செய்யாத ஒருவரைப் பக்கத்தோடு உட்கார வைத்து, சோதனைச் சூழலில் முதல் படியிலிருந்து செய்யச் சொல்ல வேண்டும். அருகில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. குறிப்பெடுக்க மட்டும் வேண்டும். செய்பவர் எங்கே நின்றார், எங்கே ஊகித்தார், எங்கே வேறு பக்கத்தைத் தேடிப் போனார் என்ற மூன்றையும் படி எண்ணோடு குறித்தால் போதும். ஊகித்துச் சரியாகப் போன இடமும் பிழையாகவே குறிக்கப்பட வேண்டும். அடுத்தவர் அதே இடத்தில் தவறாக ஊகிப்பார். 4-ஆம் படியில் கோப்பின் முழுப் பாதையையும், இருக்க வேண்டிய மதிப்பையும், அது வேறாக இருந்தால் செய்ய வேண்டியதையும் எழுதிவிட்டு, இன்னொரு புதியவரை உட்கார வைத்தால் மாற்றம் கண்முன் தெரியும். இங்கே விழுக்காடு வேண்டாம். ஐந்து பேரிடம் சோதித்துவிட்டு 60 விழுக்காடு 80 ஆயிற்று என்று அறிவிப்பதன் பொருள் கூடுதலாக ஒரே ஓர் ஆள் முடித்தார் என்பதுதான். "ஐவரில் மூவர், பிறகு நால்வர்" என்று எழுதுவதே நேர்மை.

கேள்விகளின் எண்ணிக்கையும் நல்ல அளவீடு. தனியே நிற்கக் கூடாத அளவீடும் கூட. கேள்விகள் குறைவதற்கு ஆவணம் தெளிவானது காரணமாக இருக்கலாம். அந்த மாதம் புதியவர் யாரும் சேராததும், கேட்டால் எரிச்சலான பதில் வருகிறது என்று ஆட்கள் வாயை மூடிக்கொண்டதும் காரணமாக இருக்கலாம். சோதனை முடிவோடு சேர்த்து வைத்தால்தான் அது பொருள் தரும். எதை அளப்பதாக இருந்தாலும், எந்த மாற்றமும் செய்யாமல் சில வாரங்கள் இன்றைய நிலையை அளந்து எழுதிவைத்த பிறகே இலக்கு எண்ணை முடிவு செய்ய வேண்டும்.

எனது தேர்வு

சிறு குழுவுக்கு ஜி.க்யூ.எம். வழியில் ஒரு பக்க அளவில் கேள்விகளை எழுதி, அவற்றிலிருந்து இரண்டே இரண்டு இலக்குகளை எடுத்து, டோரனின் பழைய ஐந்து நிபந்தனைகளின்படி, பொறுப்பாளர் பெயரோடு எழுதுவதைப் பரிந்துரைப்பேன். ஆவணத்துக்கென்று மட்டும் ஓ.கே.ஆர். முறையைப் புதிதாகக் கொண்டுவருவது வீண் சுமை. நிறுவனம் முழுவதும் அது ஏற்கெனவே நடைமுறையில் இருந்தால் அதனுள்ளேயே இயங்கலாம்; அப்போது முக்கிய விளைவுகள் படிப்பவர் பக்கம் இருக்க வேண்டும், மீட்புச் செய்முறைகள் கட்டாயப் பிரிவில் இருக்க வேண்டும்.

மென்பொருள் குழுக்களின் செயல்திறனை ஆராயும் கூகுளின் டோரா ஆய்வுக் குழு 2021-ஆம் ஆண்டு அறிக்கையில் உள் ஆவணத்தின் தரத்தை ஆராய்ந்தபோது, படிப்பவர் தம் வேலையை முடிக்க அது உதவுகிறதா, துல்லியமாக இருக்கிறதா, எளிதில் கிடைக்கிறதா என்ற வகையில்தான் தரத்தை வரையறுத்தது. ஆவணத்தை மேம்படுத்தும் நடைமுறைகளாக அது சொன்னவற்றுள் பொறுப்பாளரை நியமிப்பதும், ஆவணப் பணியைப் பணி மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் கணக்கில் கொள்வதும் உண்டு. இரண்டாவதைச் செய்யத் துணியும் மேலாளர், எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையை வைத்து அதைச் செய்யாதிருக்க வேண்டும். 4-ஆம் படியைத் திருத்தியவர் எழுதியது மூன்றே வரி. அந்த மூன்று வரிக்குப் பிறகு சோதனையில் எத்தனை பேர் நிற்காமல் கடந்தார்கள் என்பதுதான் அவருடைய மதிப்பீட்டுத் தாளில் ஏற வேண்டிய எண்.