நிமிட்ஸின் கடல்வழியும் மெக்ஆர்தரின் காட்டுவழியும்

எங்கள் வாசகர் வட்டத்தில் இரண்டாம் உலகப் போரின் பசிபிக் பகுதியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு மணி நேரம். பேர்ல் ஹார்பரில் தொடங்கி 1945 ஆகஸ்ட் வரை எல்லாவற்றையும் சொன்னால் கேட்பவர் மனதில் ஒன்றும் தங்காது. அமெரிக்கா ஜப்பானை நோக்கி இரண்டு பாதைகளில் போனது. அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் கதை நகரும். நான் அட்மிரல் நிமிட்ஸின் கடல் பாதையை எடுத்தேன். ஜெனரல் மெக்ஆர்தரின் காட்டுவழியே மேல் என்று பேசிய நண்பருக்கு அன்று நேரமில்லாமல் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதி இது.

1942 மார்ச்சில் அமெரிக்கா பசிபிக்கை இரண்டு பொறுப்புகளாகப் பிரித்தது. தென்மேற்கு, ஆஸ்திரேலியாவில் இருந்த ஜெனரல் மெக்ஆர்தருக்கு. மற்ற பெரும்பகுதி, ஹவாயில் இருந்த அட்மிரல் நிமிட்ஸுக்கு. மிட்வே தீவருகே நடந்த சண்டையில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்ததும், குவாடல்கனால் தீவில் ஆறு மாதம் மல்லுக்கட்டிப் பின்வாங்கியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு அப்புறம் திருப்பி அடிக்க எது நல்ல வழி என்பதுதான் கேள்வி.

மெக்ஆர்தரின் வழி நியூ கினியாவின் வடகரையோரமாகப் போய் பிலிப்பைன்ஸில் ஏறுவது. நியூ பிரிட்டன் தீவில் இருந்த ராபவுல் கோட்டையில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜப்பானியர் இருந்தார்கள். அவர்களோடு மோதாமல் சுற்றிக்கொண்டு போனது நல்ல யோசனை. 1944 ஏப்ரலில் அதே வடகரையில் உள்ள ஹாலண்டியாவுக்கு ஒரே தாவாகத் தாவியது அதைவிட நல்ல யோசனை. இந்த வழிக்கு மனிதர் சார்ந்த நியாயமும் உண்டு. ஜப்பானின் பிடியில் பிலிப்பைன்ஸ் என்ற ஒரு முழு நாட்டு மக்கள் சிக்கியிருந்தார்கள். சிங்கப்பூரில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கூலிவேலைக்காக நியூ கினியாவுக்கும் நியூ பிரிட்டனுக்கும் கப்பலேற்றியிருந்தார்கள். பசியிலும் நோயிலும் அவர்களில் மிகப் பலர் மடிந்தார்கள். இதைப் படித்த பிறகு அந்தக் காட்டுவழியை என்னால் லேசாக ஒதுக்க முடியவில்லை.

நிமிட்ஸின் வழி கில்பர்ட், மார்ஷல், மரியானா தீவுகள் வழியாக நடுக்கடலைக் குறுக்கே வெட்டிப் போவது. இதன் பெரிய கறை கில்பர்ட் தீவுகளில் உள்ள தராவா. 1943 நவம்பரில் கடல்மட்டம் எதிர்பார்த்த அளவு ஏறாததால் படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்தபடி, இடுப்பளவு நீரில் பல நூறு மீட்டர் நடந்தே கரைக்குப் போனார்கள். நான்கு கி.மீ. நீளம்கூட இல்லாத அந்தத் தீவுக்காக 76 மணி நேரத்தில் ஆயிரம் அமெரிக்கர் வரை இறந்தார்கள்.

உயிர்ச்சேதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மெக்ஆர்தர் பக்கம்தான் சாய்வேன். ஆனால் பிலிப்பைன்ஸில் கால்வைத்த பிறகு அந்தக் கணக்கும் மாறிவிடுகிறது. 1945 பிப்ரவரி, மார்ச்சில் மணிலாவை மீட்டபோது ஏறக்குறைய ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள்.

என்னை நிமிட்ஸ் பக்கம் கொண்டுவந்தது பராமரிப்பு. இவ்வளவு பெரிய சமுத்திரத்தில் அடிபட்ட கப்பலை எங்கே ரிப்பேர் செய்வது, எண்ணெய் எங்கே நிரப்புவது? ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக்கடல் சண்டையில் அடிபட்ட யார்க்டவுன் என்ற விமானந்தாங்கி, 1942 மே மாதம் ஆயிரக்கணக்கான கி.மீ. தாண்டி ஹவாய்க்கே திரும்பி வர வேண்டியிருந்தது. மூன்றே நாளில் ஒட்டுப்போட்டு மிட்வேக்கு அனுப்பினார்கள். ஒருமுறை முடிந்தது. ஜப்பான் வாசல் வரை போய் அப்படித் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருக்க முடியாது.

காட்டுவழியில் ஒவ்வொரு அடிக்கும் தரையில் ஒரு தளம் வேண்டும். மரம் வெட்டி, சேற்றில் ரோடு போட்டு, இரும்புத் தகடு விரித்து விமான ஓடுதளம் அமைக்க வேண்டும். கூடவே மலேரியா. ஹாலண்டியாவைப் பிடித்தபின் பார்த்தால், கனரகக் குண்டுவீச்சு விமானங்களைத் தாங்காத இளகிய மண். அதற்காகவே மேற்கே உள்ள பியாக் தீவுக்குப் போய் இன்னொரு கடும் சண்டை போட வேண்டியிருந்தது. போர்முனை முன்னே நகர்ந்ததும், பாடுபட்டுக் கட்டிய தளம் பின்னால் தங்கிவிடும்.

நிமிட்ஸின் தளமோ மிதந்தது. பவளத்திட்டுகளுக்கு நடுவே உள்ள அமைதியான காயலில் எண்ணெய்க் கப்பல், பட்டறைக் கப்பல், மருத்துவக் கப்பல், மிதக்கும் உலர்துறை (கப்பலை நீருக்கு மேலே தூக்கி ரிப்பேர் செய்யும் மேடை) எல்லாம் வந்து நங்கூரம் போடும். படை முன்னேறினால் தளமும் கிளம்பிப் பின்னால் போகும். முதலில் மார்ஷல் தீவுகளில் மஜூரோ, எனிவெடோக், அப்புறம் மேற்கே உலிதி. உலிதி தங்களுக்குப் பயன்படாது என்று ஜப்பான் கைவிட்டுப் போயிருந்தது. 1944 செப்டம்பரில் அமெரிக்கா அங்கே சண்டையின்றி இறங்கியது. ஜப்பானின் ஒகினாவா தீவு மீதான படையெடுப்புக்கு முன் அந்தக் காயலில் அறுநூறுக்கு மேற்பட்ட கப்பல்கள் நின்றன.

கான்பெரா என்ற குரூசர் வகைப் போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 அக்டோபர் 13 அன்று ஃபார்மோசா (இன்றைய தைவான்) அருகே, விமானம் போட்ட டார்பிடோ அதன் கவசத்துக்குக் கீழே தாக்கியது. 23 பேர் இறந்தார்கள். இன்ஜின் அறைகளில் ஏறக்குறைய 4,500 டன் தண்ணீர். பொதுவாக அப்படிப்பட்ட கப்பலைக் கைவிட்டு மூழ்கடிப்பார்கள். அதைக் கட்டி இழுத்து இரண்டு வாரத்தில் உலிதியில் சேர்த்தார்கள். பிறகு பாஸ்டன் வரை போய் முழுமையாகச் சீரானது. உலிதி மட்டும் இல்லையென்றால் அந்தக் கப்பலை இழுத்துப்போக அருகில் இடம் இருந்திருக்காது.

மரியானா தீவுகள் விழுந்ததும் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் டோக்கியோவை எட்டின என்பதைச் சேர்த்தால் என் தராசு இன்னும் சாய்கிறது.

ஆனால் ஒரே வழி போதுமா என்றால் அடித்துச் சொல்ல மாட்டேன். என் வாசிப்பு பெரும்பாலும் கப்பற்படைப் பக்கம். தரைப்படையை நன்கு அறிந்தவர் வேறு எடை போடலாம். 1944 ஜூனில் பியாக்கைக் காக்க யமாட்டோ, முசாஷி என்ற இரண்டு ராட்சதப் போர்க்கப்பல்களையும் ஜப்பான் தெற்கே அனுப்பியது. மரியானா தீவுகளில் உள்ள சைபானுக்கு ஆபத்து என்றதும் அவசரமாகத் திருப்பி அழைத்தது. இரண்டு பக்கமும் அடி விழுந்ததால் வந்த தடுமாற்றம் அது.

நண்பர் சொன்ன இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். உலிதியிலிருந்து கான்பெராவை எந்தப் பெரிய மிதக்கும் உலர்துறைக்குக் கொண்டுபோனார்களோ, அது நியூ கினியாவுக்கு வடக்கே மானஸ் தீவில் இருந்தது. 1944 பிப்ரவரி கடைசியில் அதை ஒட்டிய லாஸ் நெக்ரோஸ் தீவிலும், மார்ச்சில் மானஸிலும் இறங்கியது மெக்ஆர்தரின் படை. என் வரைபடத்தில் மானஸ் விட்டுப்போயிருந்தது. இப்போது அதையும் குறித்துவிட்டேன்.