கவுன்டரா, மேஜையா: நண்பர்களோடு ஒயின் ருசிக்கப் போனால்

நாங்கள் நான்கு நண்பர்கள் கொஞ்ச காலமாகச் சேர்ந்து ஒயினரிகளுக்கு, அதாவது ஒயின் தயாரிக்கிற இடங்களுக்கு, போய் வருகிறோம். முதலில் நேராக உள்ளே போய் கவுன்டரில் நின்று ருசிக்கிற இடங்களுக்குத்தான் போனோம். அப்புறம் முன்பதிவு செய்து, மேஜையில் உட்கார்ந்து ருசிக்கிற இடங்களுக்கு மாறினோம். பொழுதுபோக்கு என்றால் இரண்டும் சரி. ஒயினை மதிப்பிட வேண்டும் என்றால் என் ஓட்டு மேஜைக்குத்தான்.

கவுன்டரின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நினைத்தபோது போகலாம், செலவு குறைவு, பிடிக்கவில்லை என்றால் உடனே கிளம்பலாம். ஒயினைத் தயாரித்தவரே ஊற்றிக் கொடுக்கிற சின்ன இடமாக அமைந்துவிட்டால் பேச்சே தனிச் சுவை.

ஆனால் அங்கே கையில் இருப்பது ஒரே கிளாஸ். அது காலியானால்தான் அடுத்தது வரும். நான்காவதற்கு வரும்போது முதலாவது வெறும் ஞாபகம்தான், அந்த ஞாபகத்தையும் நடுவில் குடித்தவை கலைத்துவிடும். சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குக் காரணமான டானின், எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயை வறள வைக்கும். அதற்குப் பின்னால் வருகிற மென்மையான ஒயின் பாவம், தண்ணீர் மாதிரி தெரியும். ஒரு முறை துவர்ப்பு மிகுந்த கேபர்னே சாவிஞான் என்ற சிவப்பு ஒயினுக்கு அப்புறம் ஊற்றிய மென்மையான பினோ நுவாரை நாங்கள் நால்வருமே ஒதுக்கிவிட்டோம். வேறொரு நாள் அதே ஒயினை முதலாவதாக ருசித்தபோதுதான் எவ்வளவு நல்ல ஒயினைத் தள்ளியிருக்கிறோம் என்று புரிந்தது.

மேஜையில் ஆளுக்கு ஐந்து கிளாஸ். அடியில் ஒரு தாள், அதில் எண் போட்ட ஐந்து வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 50 மில்லி. ஐந்தும் ஒரே நேரத்தில் கண்ணெதிரே இருப்பதால் திரும்பப் போய்ப் பார்க்க முடிகிறது. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்.

ஒயின் கிளாஸில் இருக்க இருக்க மாறும். ஒரு நாள் மூன்றாவது வட்டத்தில் இருந்த சிவப்பு ஒயினை முகர்ந்தால் அணைத்த தீக்குச்சி வாசனை. 20க்கு 11 போட்டேன். இருபது நிமிடம் கழித்துச் சுழற்றி முகர்ந்தபோது அந்த வாடை போயிருந்தது, உள்ளிருந்து பிளம் பழ வாசனை எழுந்து வந்தது. 11ஐ அடித்துவிட்டு 15 எழுதினேன். கவுன்டராக இருந்திருந்தால் அதை முதல் வாயோடு வாளியில் கொட்டியிருப்பேன். குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்த வெள்ளை ஒயினும் அப்படித்தான். முதலில் புளிப்பு மட்டும் தெரியும், குளிர் சற்றுத் தணிந்த பிறகே மணம் வரும். தலைகீழாக நடப்பதும் உண்டு. முதல் மடக்கில் ஓக் பீப்பாயின் வெனிலா மணத்தால் மயக்கிய சார்டனே என்ற வெள்ளை ஒயின், மூன்றாம் மடக்கில் திகட்டிவிடும்.

இன்னொரு லாபம், பெயரை மறைத்து ஊற்றச் சொல்லலாம். கவுன்டரில் வாயில் வைப்பதற்கு முன்பே பெயர், விருது, என்ன மணம் வரும் என்பது வரை காதில் விழுந்துவிடும். 1976ல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வியாபாரி நடத்திய ருசிப்பில் பெயர் தெரியாமல் மதிப்பெண் போட்ட பிரெஞ்சு நடுவர்கள், வெள்ளை, சிவப்பு இரண்டிலுமே பிரெஞ்சு ஒயின்களைத் தாண்டி கலிஃபோர்னியா ஒயினுக்கு முதலிடம் கொடுத்தார்கள். பெயரைக் காட்டியிருந்தால் அந்த முடிவு வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. நாங்கள் இன்னும் ஒன்று சேர்த்துக்கொண்டோம்: எல்லோரும் மதிப்பெண் எழுதி முடிக்கும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் "செர்ரி வாசனை" என்று சொல்லிவிட்டால் மற்ற மூவருக்கும் செர்ரிதான் வரும்.

ஸ்பார்க்ளிங் ஒயினுக்கு மட்டும் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மேஜையில் இரண்டே தடவைதான் ருசித்திருக்கிறேன். இரண்டு தடவையும் முதல் கிளாஸுக்குத் திரும்பி வருவதற்குள் குமிழி அடங்கிப்போயிருந்தது. அதற்குக் கவுன்டரே மேல் என்று இப்போதைக்குத் தோன்றுகிறது.