வளைந்த முதுகில் ஊசிக்கு எந்த வழி?

முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு நோய்க்காக 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சன் மருந்தைத் தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தில்தான் செலுத்த வேண்டும். முதல் இரண்டு மாதங்களில் நான்கு தவணைகள், அதன்பின் நான்கு மாதத்துக்கு ஒன்று எனச் சிகிச்சை தொடர்கிறது. ஆனால் இந்நோயாளிகளில் பலருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்கிறது. அதை நிமிர்த்தக் கம்பி பொருத்தி எலும்புகளை இணைத்துவிட்டால், இடுப்பில் பின்புறமிருந்து ஊசி நுழையும் வழக்கமான இடைவெளி அடைபட்டுப் போகிறது.

அப்போது எஞ்சுவதில் முதன்மையானது, நரம்பு வெளியேறும் பக்கத் துளை வழியே சி.டி. ஸ்கேன் துணையுடன் நுழைவது. எலும்பு இணைப்புக்குப் பிறகும் இத்துளை பெரும்பாலும் திறந்தே இருக்கும். நரம்பு வேர் துளையின் மேற்பகுதியில் கடப்பதால், ஊசியைக் கீழ்ப்புறமாகச் செலுத்துகிறார்கள். குறி தப்பி நரம்பில் பட்டால் கால்வரை மின்னதிர்ச்சி போல வலி பாயும். சிறுநீரகமும் குடலும் ஊசியின் பாதையருகே இருப்பதை முன்கூட்டியே படத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். தண்டுவடத்துக்குக் குருதி தரும் முக்கியத் தமனி பெரும்பாலும் இடப்புறம், கீழ் மார்பு அல்லது மேல் இடுப்பு மட்டத்தில் நுழைவதால், கீழ் இடுப்புத் துளைகளையே தேர்வது நல்லது.

கழுத்தில் முதல், இரண்டாம் எலும்புகளுக்கு நடுவே பக்கவாட்டில் குத்தும் முறையில் கம்பிகளின் இடையூறு இல்லை. ஆயினும் ஊசி முனைக்கு எதிரே தண்டுவடமே இருக்கிறது; பக்கத்தில் மூளைக்குச் செல்லும் தமனி ஓடுகிறது. ஏற்கெனவே மூச்சுத் தசைகள் தளர்ந்து, முகமூடிக் கருவியின் உதவியுடன் ஒருக்களித்துப் படுத்திருக்கும் பிள்ளைக்கு அங்கே நேரும் காயம் மூச்சையே பறித்துவிடலாம். வேறு வழி இல்லாதபோது மட்டுமே இதை நான் ஏற்பேன்.

தோலுக்கடியில் சிறு மருந்துக் கலமும் குழாயும் பதித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் முதுகைத் துளைக்க வேண்டியதில்லை. ஆனால் மயக்க மருந்து, தொற்று, குழாய் அடைப்பு ஆகியவை இதற்கான விலை.

எந்த ஊசி வழியானாலும், கதிர்வீச்சைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு படத்தின் அளவு சிறிதாகவே இருக்கலாம். ஆண்டுக்கு மூன்று முறை, பல ஆண்டுகள் என்றால் சிறுவருக்கு அது சேர்ந்துகொண்டே போகும். இதே நோய்க்கு 2020 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிஸ்டிப்லாம் வாய்வழி மருந்து என்பதால், ஊசி கடினமானவர்களுக்கு அதையும் மருத்துவருடன் பேச வேண்டும். முதுகெலும்பு அறுவை சிகிச்சை இன்னும் நடக்கவில்லையெனில், இடுப்பில் ஒரு மட்டத்தில் ஊசிக்கென எலும்புச் சாளரம் விட முடியுமா என்று பெற்றோர் அறுவை மருத்துவரை முன்பே கேட்டுவிட வேண்டும்.