நியூசிலாந்துத் தேன் என்று 8,400 ரூபாய்க்கு எதையோ அனுப்பிவிட்டார்கள்: வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

8,400 ரூபாய். இரண்டு பாட்டில் தேன். அரைக் கிலோ பாட்டில் ஒன்று 4,200. இந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: இது எந்த நாட்டுத் தேன்? விற்றவனும் சொல்லவில்லை, விற்க இடம் கொடுத்த தளமும் சொல்லவில்லை. இன்று மதியம் "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று மெசேஜ் வந்திருக்கிறது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

தளத்தின் பெயரைப் போடவில்லை. எல்லார் போனிலும் இருக்கிற பெரிய ஆன்லைன் விற்பனைத் தளங்களில் ஒன்று. அதில் கடை விரித்திருக்கும் ஒரு தனி விற்பனையாளர். "இறக்குமதி செய்யப்பட்ட ஆரோக்கியப் பொருட்கள்" என்ற ரகம். பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக், "சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்" என்று. யார், எதைச் சரிபார்த்தார்கள் என்பதை அந்த டிக் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தேனுக்கு எவனாவது இவ்வளவு கொடுப்பானா என்று கேட்பீர்கள். அக்கா பள்ளி ஆசிரியை. தொண்டை கட்டிக்கொண்டே இருக்கும். ஆக்லாந்தில் இருக்கும் சித்தி மகன் ஊருக்கு வந்தபோது ஒரு பாட்டில் மனுகா தேன் கொண்டுவந்து கொடுத்தான். அது அவளுக்குப் பிடித்துப்போனது. இதமாக இருக்கிறது என்றாள். மருந்து என்று நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. தீர்ந்ததும், அடுத்து யாராவது வரும்வரை காத்திருப்பானேன் என்று தேடினேன்.

மனுகா என்பது நியூசிலாந்தில் வளரும் ஒரு புதர்மரம். ஆஸ்திரேலியாவிலும் உண்டு. அதன் பூந்தேனில் இருக்கும் ஒரு பொருள் நாளாக நாளாக மீத்தைல்கிளையாக்சால் என்பதாக மாறுகிறது. கிருமியை அடக்கும் குணம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது என்று ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2008 வாக்கில் கண்டு எழுதினார்கள். பாட்டிலில் எம்.ஜி.ஓ. என்று போட்டு ஓர் எண் இருக்குமே, அது இதுதான்: ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் என்பது. எண் ஏற ஏற விலையும் ஏறும். ஆக, ஓர் எண்ணை அச்சடித்தாலே விலை மூன்று மடங்காகும் பண்டம் இது. திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

நான் கண்ணை மூடிக்கொண்டு ஆர்டர் போடவில்லை. தளத்தின் சாட்டில் போய் விற்பனையாளரிடம் கேட்டேன்: எங்கே பேக் செய்தது, யார் இறக்குமதி செய்தது, ஆய்வக அறிக்கை இருக்கிறதா. பதில் உடனே வந்தது. ஒரு பி.டி.எஃப். நியூசிலாந்து ஆய்வகம் ஒன்றின் முகப்புத்தாள், கையெழுத்து, பேட்ச் எண், எல்லாம் இருந்தன. கூடவே ஒரு குரல் பதிவு. இளவயதுப் பையன் குரல். "அண்ணா, அக்காவுக்குன்னு சொல்றீங்க, அதுல போய் தப்பான பொருள் கொடுப்பேனாண்ணா? இந்த பேட்ச் நம்பர் பாட்டில்லயும் இருக்கும். வந்ததும் நீங்களே ஒத்துப் பாத்துக்கங்க. ஒத்துவரலைன்னா பணம் வாபஸ், நான் பொறுப்பு." நீங்களே ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவன் தானாக முன்வந்து சொன்னால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? 8,400 ரூபாயைக் கட்டினேன்.

பார்சல் வந்தது. பொன்னிற மூடி, கனமான பாட்டில், மரப்பெட்டி வேறு. பாட்டிலைத் திருப்பி பேட்ச் எண்ணைத் தேடினேன். "பேட்ச்" என்று அச்சடித்து, பக்கத்தில் எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இரண்டு பாட்டிலிலும்! அடுத்தது முகப்பு லேபிள். யு.எம்.எஃப். 20+ என்று பெரிதாக. மனுகா தேனின் தரத்துக்கு நியூசிலாந்துச் சங்கம் ஒன்று கொடுக்கும் முத்திரை அது. பக்கவாட்டில் சின்னதாக எம்.ஜி.ஓ. 400+. யு.எம்.எஃப். 20+ என்றால் எம்.ஜி.ஓ. குறைந்தது 829 இருக்க வேண்டும். 10+ என்றாலே 263, 15+ என்றால் 514. இந்தக் கணக்கை அந்த முத்திரையைக் கொடுக்கும் நியூசிலாந்துச் சங்கமே வெளியிட்டிருக்கிறது. 400 வைத்துக்கொண்டு 20+ போடவே முடியாது. ஒரே பாட்டிலில் இரண்டு எண்கள், ஒன்றை ஒன்று பொய் என்கின்றன. அந்த முத்திரையைப் போடும் நிறுவனத்தின் உரிம எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். அதுவும் இல்லை.

பின்பக்கம் நியூசிலாந்துக் கொடி போட்ட ஸ்டிக்கர். அதன் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள். எறும்பு மாதிரி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளும் வெளியிலும் பெறப்பட்ட தேன்களின் கலவை. அதாவது உலகத்தில் எந்த நாட்டுத் தேனாகவும் இருக்கலாம். இதற்குத்தான் 8,400 ரூபாய்.

ஒரு பாட்டிலை மட்டும் திறந்தேன். ஆக்லாந்திலிருந்து வந்த தேன் கரண்டியில் எடுத்தால் சட்டென்று வழியாது, கூழாக நிற்கும், கலக்கினால்தான் இளகும். லேசான கசப்பு பின்னால் வரும். இது பாகாக ஓடியது. வெறும் இனிப்பு. அக்கா நாக்கில் வைத்துவிட்டு, "தம்பி, இது அது இல்லடா" என்றாள். சுவையை வைத்து நான் எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். அதனால்தான் புகாரில் சுவையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பேட்ச் எண், முரணான இரண்டு எண்கள், ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த வரி, மூன்றையும் படம் பிடித்து அனுப்பினேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். "பணம் வாபஸ், நான் பொறுப்பு" என்ற அதே பையனிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வந்தது: "தேன் இயற்கைப் பொருள், பருவத்துக்குப் பருவம் சுவை மாறும்." நான் சுவையைக் கேட்கவே இல்லையே தம்பி, எந்த நாடு என்றுதானே கேட்டேன் என்றேன். "சீல் உடைத்த பொருளை வாங்க இயலாது." சரி, சீல் உடைக்காத இன்னொரு பாட்டில் இருக்கிறதே, அதையாவது எடுத்துக்கொள் என்றேன். "உணவுப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." அதோடு சாட்டில் என்னை பிளாக் செய்துவிட்டான். குரல் பதிவு மட்டும் என் போனில் இருக்கிறது, "நான் பொறுப்பு" என்று.

தளத்தின் கஸ்டமர் கேருக்குப் போனால், முதலில் ஒரு பாட். அதைத் தாண்டி ஒரு மனிதக் குரலைப் பிடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்று ஆரம்பித்து, கடைசியில் "நாங்கள் இடைத்தரகர் மட்டும்தான் சார், விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்" என்பார்கள். அவன் பிளாக் செய்துவிட்டான் என்றால், "48 மணி நேரத்தில் குழு உங்களைத் தொடர்புகொள்ளும்." குழு தொடர்புகொண்டது. என்ன கேட்டார்கள் தெரியுமா? பொருள் போலி என்பதற்கு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வக அறிக்கை! 8,400 ரூபாய்க்கு வாங்கியவன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு அலைய வேண்டுமாம். விற்றவன் ஒரு போலி பி.டி.எஃப். காட்டினால் போதும்.

நான் கேட்டது ஆய்வே இல்லை. இறக்குமதி செய்தவர் யார், எந்த நாடு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளில், இறக்குமதிப் பொருள் விற்றால் இறக்குமதியாளர் விவரம் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதையும் காட்ட வேண்டும். புகார் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. இதைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு நிமிடம் ஹோல்டு பாட்டு. திரும்பி வந்து, "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டோம் சார்." கருத்தாம்!

எந்த நாடு என்பதில் இவன் ஏன் இப்படித் தொங்குகிறான் என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது. 2002இல் சீனத் தேனில் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக் எச்சம் கிடைத்து, ஐரோப்பிய ஒன்றியம் அதன் இறக்குமதியையே நிறுத்தியது. அமெரிக்காவில் கூடுதல் வரியிலிருந்து தப்ப, சீனத் தேனை வேறு நாடுகள் வழியாகச் சுற்றவிட்டு லேபிள் மாற்றி இறக்கிய வழக்குகள் நடந்தன. மகரந்தத்தை முழுக்க வடிகட்டிவிட்டால் எந்த மண்ணின் தேன் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஐரோப்பிய ஆணையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், இறக்குமதித் தேன் மாதிரிகள் 320 எடுத்துப் பார்த்ததில் 46 சதவீதம் சர்க்கரைப் பாகு கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்குரியவை. நம் ஊரும் யோக்கியமில்லை. 2010இல் டெல்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 பிராண்டுகளைச் சோதித்ததில் 11இல் ஆன்டிபயாட்டிக் இருந்தது. வெளிநாட்டு பிராண்டுகளும் அதில் அடக்கம். அதே மையம் 2020இல் 13 பிராண்டுகளைக் கலப்படத்துக்குச் சோதித்தபோது 10 தேறவில்லை.

நியூசிலாந்திலேயே டூட்டு என்று ஒரு நச்சுச்செடி உண்டு. அதன் சாற்றை உறிஞ்சும் பூச்சி கழிக்கும் இனிப்புநீரைத் தேனீ எடுத்தால் தேனில் விஷம் ஏறும். 2008இல் அந்நாட்டின் கோரமண்டல் பகுதியில் அப்படிப்பட்ட தேனடையைச் சாப்பிட்டவர்கள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எங்கே எடுத்த தேன் என்று தெரிந்ததால் அங்கே கண்டுபிடித்து நிறுத்த முடிந்தது. என் கையில் இருக்கும் பாட்டிலால் நாளைக்கு ஒருவருக்கு ஏதாவது ஆனால் யாரைப் போய்ப் பிடிப்பது? கொடி ஸ்டிக்கரையா? இந்த லட்சணத்தில் அந்த விளம்பரத்தில் "பிறந்த குழந்தை முதல் பெரியவர் வரை" என்று போட்டிருக்கிறான். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது, சுத்தமான தேனாக இருந்தாலும். பாட்டுலிசம் என்ற நோய் வரலாம். தளம் இதையாவது நீக்கியதா? இல்லை.

விவரமாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மண்டை காய்கிறது. சுருக்கமாக: பாட்டிலில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இல்லாவிட்டால் தொடாதீர்கள். எண் இருந்தால் அந்த ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். தண்ணீரில் விடுவது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் வேலைக்கு ஆகாது. தேனில் கலப்படம் செய்யும் அரிசிப் பாகு இதில் எல்லாம் பாஸாகிவிடலாம். பி.டி.எஃப். அனுப்பினால் அதில் இருக்கும் ஆய்வகத்துக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். நான் இப்போது போட்டிருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதியிருக்கிறேன். சீல் உடைக்காத பாட்டில் சாட்சியாக அலமாரியில் இருக்கிறது. 8,400 ரூபாய் திரும்ப வருமா தெரியாது, ஆனால் விடப்போவதில்லை.

இதை எழுதி முடிக்கும்முன் அந்தத் தளத்தில் மறுபடி தேடிப் பார்த்தேன். பழைய கடையைக் காணோம். அதே பொன்னிற மூடி, அதே மரப்பெட்டி, அதே படம், வேறு கடைப் பெயரில் இருக்கிறது. விலை 3,999. பக்கத்தில் பச்சை டிக்.