'ப்ரவோக்', 'இன்சென்ஸ்': கோபமூட்டலுக்கு எந்த ஆங்கிலச் சொல்?

ஆங்கிலத்தில் எழுதும்போது பலர் தடுமாறும் இணை இது.

வேர்: 'ப்ரவோக்', 'வெளியே அழை' என்னும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. 'இன்சென்ஸ்' வந்ததோ 'தீ மூட்டு' என்பதிலிருந்து. சாம்பிராணி போன்ற நறும்புகைப் பொருளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லும் அதே வேரினதே, ஆனால் அதில் அழுத்தம் முதல் அசையிலும் வினையில் இரண்டாம் அசையிலும் விழும்.

பரப்பு: முன்னது சிரிப்பையும் சிந்தனையையும் கூடக் கிளப்பும். பின்னதற்குச் சினமூட்டுவது ஒன்றே வேலை.

நோக்கம்: கட்டிப்போட்ட நாயைக் குச்சியால் குத்தும் சிறுவனின் செயலுக்கு 'ப்ரவோக்' கச்சிதமாகப் பொருந்தும், ஏனெனில் எதிர்வினையை வரவழைப்பதே அச்சொல்லின் உயிர். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், கொலையை வரையறுக்கும் 300-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கில் கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலைப் பற்றிக் கூறுகையில் இதன் பெயர்ச்சொல் வடிவத்தையே எடுத்தாண்டது. 'இன்சென்ஸ்' உள்ளே மூண்ட கொதிப்பைப் பேசுவதால் பெரும்பாலும் செயப்பாட்டு வடிவில் வரும்.

எனவே சீண்டியவரின் செயலைச் சுட்ட 'ப்ரவோக்' உதவும். அநீதி கண்டு கொதித்தவரின் நிலையைச் சொல்ல 'இன்சென்ஸ்' ஏற்றது. பேருந்து பத்து நிமிடம் தாமதமானதற்குப் பின்னதைப் போடுவது, கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பதாகும்.